வரைவியல் அட்டையின் கடிகார வேகத்தைப் பாதுகாப்பாக உயர்த்துதல்



ஓவர்குளொக்கிங் என்றால் என்ன என்று வகுப்பிற் கேட்டால், "கணினியை வேகமாக்குதல்" என்ற விடை உடனே வந்துவிடும். அந்த வேகத்திற்கு எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கான விடையாகும். இந்தப் பெயரில் ஓர் அலகைப் பாடத்திட்டத்தில் தேட வேண்டாம். ஆனால் இதற்குத் தேவையான கொள்ளளவி, மின்வலு, வெப்ப இடமாற்றம் ஆகிய மூன்றையும் நீங்கள் பௌதிகவியலிற் படிக்கிறீர்கள். படித்ததை வீட்டுக் கணினியில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உதாரணத்திற்கு ஓர் அட்டையைத் தெரிவு செய்வோம். என்விடியா நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட ஜீபோர்ஸ் ஜீ.ரீ.எக்ஸ். 1650 என்பது குறைந்த விலை அட்டை. வெளியானபோது அதன் விலை 149 அமெரிக்க டொலர். அதில் 896 கணிப்புக் கருக்களும் 4 கிகாபைற்று நினைவகமும் உள்ளன. அதன் அடிப்படை மீடிறன் 1485 மெகாஹேர்ட்ஸ், உயர்த்திய மீடிறன் 1665 மெகாஹேர்ட்ஸ், வலு 75 வாற்று. இந்த 75 என்னும் எண்ணைச் சற்று நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் பாதி அதைச் சுற்றியே செல்லும்.

கடிகாரம் என்பது யாது?

அட்டையின் நடுவிலுள்ள சிலிக்கன் சில்லு, கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு படி வேலை செய்கிறது. ஒரு செக்கனில் நிகழும் துடிப்புகளின் எண்ணிக்கையே மீடிறன். 1665 மெகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனுக்கு 166 கோடியே 50 இலட்சம் துடிப்புகள். எனவே ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.60 நனோசெக்கன். அந்த நேரத்திற்குள் சமிக்ஞை பல திரான்சிற்றர்களைக் கடந்து சென்று 0 அல்லது 1 என்ற நிலையில் நிலைகொள்ள வேண்டும். மீடிறனை 100 மெகாஹேர்ட்ஸ் உயர்த்தி 1765 ஆக்கினால் கிடைக்கும் நேரம் 0.57 நனோசெக்கனாகக் குறைகிறது. மிக மெதுவான பாதையிற் செல்லும் சமிக்ஞை அதற்குள் வந்து சேராவிட்டால் அடுத்த படி தவறான இலக்கத்தை எடுத்துக்கொண்டு தொடரும். திரையில் தோன்றும் நிறப் புள்ளிகளும் கோடுகளும், திடீரென உறைந்துபோகும் படமும் இதன் வெளி அடையாளங்கள்.

அப்படியானால் மீடிறனை உயர்த்துவது எப்படிச் சாத்தியமாகிறது? ஒரே தொழிற்சாலையில் வெட்டப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரமானவையல்ல. அவற்றுள் பின்தங்கியதும், வெப்பமான அறையில், பழுதின்றி இயங்க வேண்டும் என்று கருதியே தயாரிப்பாளர் வேகத்தைக் குறிக்கிறார். இதனால் நல்ல சில்லுகளில் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. நாம் பயன்படுத்துவது அந்த இடைவெளியைத்தான்.

முற்காலத்தில் அது மிகப் பெரியதாக இருந்தது. 1998 இல் வந்த இன்ரெல் செலரோன் 300ஏ முறைவழியாக்கி 66 மெகாஹேர்ட்ஸ் பாட்டையில் 4.5 மடங்காக, அதாவது 300 மெகாஹேர்ட்ஸில் இயங்கியது. பாட்டையை 100 ஆக மாற்றினால் அதே மலிவான சில்லு 450 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. ஐம்பது சதவீத இலாபம்! இன்றைய அட்டைகளில் அந்த வசதி இல்லை. வெப்பமும் வலுவும் இடம் தரும் வரை அட்டையே தன் மீடிறனை உயர்த்திக்கொள்கிறது. நமக்கு மிஞ்சுவது சில சதவீதம் மட்டுமே. "இரண்டு மடங்கு வேகம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும் எனக் கணித்துப் பார்ப்போம். 1665 இலிருந்து 1765 என்பது 6% அதிகரிப்பு. ஒரு விளையாட்டில் செக்கனுக்கு 40 சட்டகங்கள் வந்தால், எல்லாம் நன்றாக அமைந்தாலும் அது 42 ஐச் சற்றே தாண்டும். இந்த இரண்டு சட்டகங்களுக்காகத்தான் இத்தனை பாடு என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

விலை: அழுத்தத்தின் வர்க்கம்

சில்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு திரான்சிற்றர் வாயிலும், அதனை இணைக்கும் கம்பியும், மிகச் சிறிய ஒரு கொள்ளளவியாகத் தொழிற்படும். 0 இலிருந்து 1 ஆக மாறுவது என்றால் அந்தக் கொள்ளளவியை ஏற்றம் செய்தல், 1 இலிருந்து 0 ஆக மாறுவது என்றால் இறக்குதல். கொள்ளளவி அலகிற் படித்ததை இங்கே நினைவுகூருங்கள். ஏற்றம் = கொள்ளளவம் × அழுத்தம். அந்த ஏற்றத்தை அனுப்ப மின்வழங்கி செய்யும் வேலை = ஏற்றம் × அழுத்தம், அதாவது கொள்ளளவம் × அழுத்தத்தின் வர்க்கம். இதிற் பாதி கொள்ளளவியிற் சேமிக்கப்படுகிறது. மறுபாதி பாதையின் தடையில் வெப்பமாகிறது. இறக்கும்போது சேமிக்கப்பட்ட பாதியும் வெப்பமாகிவிடுகிறது. ஆகவே ஒருமுறை ஏற்றி இறக்கினால் முழுச் சக்தியும் வெப்பமே. இது ஒரு செக்கனில் எத்தனை தடவை நடக்கிறதோ அதனாற் பெருக்கினால் வலு கிடைக்கும்.

இயக்க வலு = மாறும் விகிதம் × கொள்ளளவம் × (அழுத்தம்)² × மீடிறன்

"மாறும் விகிதம்" என்பது எல்லா வாயில்களும் ஒவ்வொரு துடிப்பிலும் மாறுவதில்லை என்பதற்காகச் சேர்க்கப்படும் காரணி. இதற்கு மேல், திரான்சிற்றர்கள் சும்மா இருக்கும்போதும் கசியும் மின்னோட்டம் ஒன்று உண்டு. அது வெப்பநிலை ஏற ஏறக் கூடும் என்று தெரிந்திருந்தாற் போதும்.

சமன்பாட்டை உற்றுப் பாருங்கள். மீடிறன் ஒருமடியில் நிற்கிறது, அழுத்தம் இருமடியில் நிற்கிறது. அழுத்தத்தை மாற்றாமல் மீடிறனை 6% உயர்த்தினால் இயக்க வலுவும் 6% தான் உயரும். ஆனால் அந்த மீடிறனில் அட்டை தடுமாறுகிறது என்பதற்காக அழுத்தத்தை 5% கூட்டினால் 1.05 × 1.05 × 1.06 = 1.17. வேகம் 6% ஆக இருக்கும்போது வலு 17% ஆக எகிறுகிறது. அழுத்தத்தைக் கூட்டுவது ஏன் உதவுகிறது என்றால், கூடிய அழுத்தத்தில் திரான்சிற்றர் கூடிய மின்னோட்டத்தைக் கடத்தி அடுத்த வாயிலை விரைவாக ஏற்றம் செய்கிறது. உதவி உண்மைதான், வட்டிதான் அதிகம்.

அந்த 17% எங்கே போகும்? வெப்பமாகத்தான். அறை வெப்பநிலை 30 பாகை, சில்லு 72 பாகை எனக் கொள்வோம். வேறுபாடு 42 பாகை. விசிறி அதே வேகத்திற் சுழன்றால், வேறுபாடு வலுவுக்கு ஏறத்தாழ நேர்விகிதசமம். 42 × 1.17 = 49. சில்லு இப்போது 79 பாகையில் நிற்கும். சில்லிலிருந்து உலோகத் துடுப்புகளுக்கு வெப்பம் கடத்தலால் செல்கிறது. துடுப்புகளிலிருந்து வளியோடு போவது வலிந்த மேற்காவுகையால். இரண்டிற்கும் இடையே தூசி படிந்திருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். நமது நாட்டில் அறை வெப்பநிலை 30 பாகை என்பது சாதாரணம் என்பதையும், குளிர்தேசத்தவர் எழுதும் வெப்பநிலைகளை அப்படியே நம்பக்கூடாது என்பதையும் கவனிக்க.

குறைந்த விலை அட்டையின் சுவர்

இனி அந்த 75 வாற்று. ஜீ.ரீ.எக்ஸ். 1650 இன் பல மாதிரிகளுக்குத் தனியான மின் இணைப்பி கிடையாது. தாய்ப்பலகையிலுள்ள பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸ் செருகியிலிருந்தே முழு வலுவையும் பெறுகின்றன. அச்செருகி வழங்கக்கூடிய உச்சம் 75 வாற்று. அதில் 12 வோல்ற்றுப் பாதையின் பங்கு 5.5 அம்பியர், அதாவது 66 வாற்று. மிகுதி 3.3 வோல்ற்றுப் பாதையிலிருந்து வருகிறது. சில தயாரிப்பாளர் 6 ஊசி மேலதிக இணைப்பி வைத்த மாதிரிகளையும் விற்றனர். உங்களிடம் இருப்பது எது என்பதை அட்டையின் விளிம்பைப் பார்த்தே அறியலாம்.

இந்த எல்லை வெறும் எழுத்தல்ல. 2016 ஜூனில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரேடியோன் ஆர்.எக்ஸ். 480 அட்டை, செருகியிலிருந்து எல்லைக்கு மேலாக வலுவை இழுப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினர். அடுத்த மாதமே அந்நிறுவனம் இயக்கி மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. மலிவான தாய்ப்பலகையில் செருகிக்குச் செல்லும் செப்புப் பாதைகளும் ஊசிகளும் அளவாகவே இருக்கும். கூடிய மின்னோட்டத்தில் சூடேறுவது அவையே.

ஆகையால் இவ்வகை அட்டைகளில் 75 வாற்றைத் தாண்ட முடியாதவாறு தயாரிப்பாளர் பூட்டி வைப்பது வழக்கம். இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு விடயம் வருகிறது. அட்டை ஏற்கெனவே 75 வாற்றுக்கு அருகில் இயங்குகிறது என்றால், அழுத்தத்தைக் கூட்டும்போது வலு எல்லையை எட்டிவிடும். உடனே அட்டை தன் மீடிறனைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் கூட்டப் போனவருக்கு வேகம் குறைந்து வெப்பம் மட்டும் மிஞ்சும்! எனவே இத்தகைய அட்டைக்கு அழுத்தம் கூட்டும் பேச்சே வேண்டாம். அட்டையின் நிலையான நினைவகத்தில் வேறு பயோஸ் எழுதி அந்தப் பூட்டை உடைக்கும் முறைகளும் உலாவுகின்றன. அதை நான் எந்த மாணவருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

அட்டையை விட எனக்குப் பயம் தருவது மின்வலு வழங்கி. பெட்டியோடு சேர்ந்து வரும் மலிவான வழங்கியின் வெளியே பெரிய எழுத்தில் 500 வாற்று என்று இருக்கலாம். பக்கத்திலுள்ள சிறிய அட்டவணையைப் படியுங்கள். 12 வோல்ற்று என்ற நிரலின் கீழ் 18 அம்பியர் என்று இருந்தால், கணினியின் முக்கிய பாகங்களுக்கு உண்மையில் கிடைப்பது 12 × 18 = 216 வாற்று. அட்டவணையே இல்லாத வழங்கியாக இருந்தால் மீடிறனில் கைவைக்க வேண்டாம்.

தொடங்கும் முன்

வீட்டில் ஒரே கணினி இருந்து, அக்காவின் செயற்றிட்ட அறிக்கையும் அதில்தான் இருக்கிறது என்றால், முதலில் அதைப் பென் டிரைவ் ஒன்றிற் பிரதி செய்யுங்கள். பலரும் அஞ்சுவது அட்டை எரிந்துவிடும் என்று. அழுத்தத்தைத் தொடாதவரை அது அரிது. அடிக்கடி நடப்பது, வேலை நடுவே கணினி உறைந்து, சேமிக்காத பக்கங்கள் போய்விடுவதும் அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பழுதாவதும்தான். சமர்ப்பிக்கும் திகதிக்கு முந்திய இரவு அது நடந்தால் இரண்டு சட்டகங்கள் எதற்கும் உதவாது. மடிக்கணினியிலும் பாடசாலைக் கணினியிலும் இதைச் செய்யக்கூடாது. உத்தரவாதக் காலம் முடியவில்லை எனில் உத்தரவாதப் பத்திரத்தின் நிபந்தனைகளை வாசியுங்கள்.

பாவித்த அட்டை வாங்கியவர்கள் ஜீ.பீ.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருளால் அட்டையை ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய ஜீ.ரீ.எஸ். 450 போன்ற சில்லுகளுக்குப் புதிய பெயர் சூட்டி விற்கும் போலி அட்டைகள் சந்தையில் வந்தன. 2018 முதல் இம்மென்பொருள் அத்தகைய என்விடியா போலிகளை இனங்காட்டுகிறது. நினைவக வகையையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 1650 இல் ஜீ.டி.டி.ஆர்.5 உடையதும், 2020 இல் வந்த ஜீ.டி.டி.ஆர்.6 உடையதும் உள்ளன. இரண்டின் மீடிறன்களும் வேறு. ஒன்றுக்குச் சொன்ன எண்களை மற்றொன்றுக்கு இடுவது தவறு.

செய்முறை

கணினியை நிறுத்தி, மின் இணைப்பைக் கழற்றி, மென்மையான தூரிகையால் துடுப்புகளிலுள்ள தூசியை அகற்றுங்கள். அப்போது விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொள்ளவும். தூசி தட்டியதாலேயே பல பாகை குறைந்து, அட்டை தானாகச் சற்று வேகமாக ஓடுவதும் உண்டு. அவ்வளவுடன் திருப்தியடைபவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மீடிறனை மாற்ற எம்.எஸ்.ஐ. ஆப்டர்பேர்னர் என்னும் இலவச மென்பொருள் போதும். வேறு நிறுவனங்களின் அட்டைகளிலும் அது இயங்கும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் பெறுங்கள், ஏனெனில் இதன் பெயரில் நச்சு நிரல் சேர்த்த போலிப் பிரதிகள் பரவியுள்ளன. முதலில் எதையும் மாற்றாமல் யுனிஜின் ஹெவன் போன்ற சோதனை மென்பொருளை இருபது நிமிடம் ஓட்டி, மீடிறன், வெப்பநிலை, சட்டக எண்ணிக்கை, வலுச் சதவீதம் நான்கையும் கொப்பியில் எழுதுங்கள். ஒப்பிட அளவீடு இல்லாத பரிசோதனை பரிசோதனையல்ல. ஆய்வுகூடத்திற் சொல்வதுதான் இங்கும்.

பின் சில்லின் மீடிறனை மட்டும் 25 மெகாஹேர்ட்ஸ் கூட்டி, பத்து நிமிடம் ஓட்டி, மீண்டும் எழுதுங்கள். பழுதில்லை என்றால் மேலும் 25. இரண்டு காரணிகளை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், மாற்றினால் பழுது எதனால் வந்தது என்று தெரியாது. ஓரிடத்தில் திரையிற் புள்ளிகள் தோன்றும், அல்லது திரை ஒருகணம் கறுத்து மீண்டும் வரும். வரைவியல் அட்டை இரண்டு செக்கன்களுக்குப் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் இயக்கியை மீளத் தொடக்குவதே இந்தக் கறுப்பு. அதுதான் உங்கள் சில்லின் விளிம்பு. அங்கிருந்து ஒரு படியல்ல, இரண்டு படிகள் பின்வாங்குங்கள். பத்து நிமிடத்தில் தெரியாத பழுது ஒரு மணித்தியாலத்தில், பகல் வெப்பத்தில், தெரியக்கூடும். வெப்பநிலையைப் பொறுத்தவரை 80 பாகையைத் தாண்டினால் நிறுத்துக என்பதே நான் மாணவருக்கு இடும் எல்லை. சில்லு அதற்கு மேலும் தாங்கும் என்பது உண்மை, ஆனால் பக்கத்திலுள்ள மலிவான பாகங்களுக்கும் விசிறியின் எண்ணெய்க்கும் அதே உறுதியை நான் தர மாட்டேன்.

மென்பொருளில் "விண்டோஸ் தொடங்கும்போது பிரயோகி" என்ற தெரிவை ஒரு வாரத்திற்குத் தொட வேண்டாம். அது இல்லாவிட்டால் கணினி உறைந்தாலும், மீளத் தொடக்கியவுடன் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

சில்லு முடிந்தபின் நினைவகம். 1650 இன் ஜீ.டி.டி.ஆர்.5 நினைவகம் ஊசி ஒன்றுக்குச் செக்கனுக்கு 8 கிகாபிற்று அனுப்பும். பாட்டை அகலம் 128 பிற்று. 8 × 128 ÷ 8 = செக்கனுக்கு 128 கிகாபைற்று. இதை 5% உயர்த்தினால் 134.4. ஆனால் இங்கு ஒரு பொறி உண்டு. இவ்வகை நினைவகம் பாட்டையிற் செல்லும் தரவில் வழுவைக் கண்டறிந்து, பிழையானதை மீண்டும் அனுப்பச் செய்ய வல்லது. எனவே எல்லையைத் தாண்டினாலும் திரை அழகாகவே இருக்கலாம். மீள அனுப்புவதிலேயே நேரம் போய், சட்டக எண்ணிக்கை ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். நினைவகத்தைக் கண்ணாற் பார்த்து மதிப்பிட வேண்டாம், கொப்பியிலுள்ள எண்ணைப் பாருங்கள். எண் ஏறுவது நின்ற இடமே எல்லை.

அழுத்தத்தைக் குறைத்தல்

என்னைக் கேட்டால், குறைந்த விலை அட்டை வைத்திருப்பவருக்கு மிகப் பொருத்தமான வழி இதுவே. ஆப்டர்பேர்னரில் கொன்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் அழுத்தம் கிடையச்சிலும் மீடிறன் நிலைக்குத்தச்சிலுமாக ஒரு வரைபு தோன்றும். குறைந்த அழுத்தப் புள்ளி ஒன்றை மேலே இழுத்து, அதற்கு வலப்புறமுள்ளவற்றை அதே மட்டத்திற்குச் சமப்படுத்தினால், அதே மீடிறனை அட்டை குறைந்த அழுத்தத்தில் ஓட்ட முயலும். இங்கும் விளிம்பு உண்டு; இங்கும் படிப்படியாகவே செல்ல வேண்டும். அழுத்தம் 10% குறைந்தால் 0.9 × 0.9 = 0.81, அதாவது இயக்க வலு 19% குறைகிறது. 75 வாற்றுச் சுவருக்கும் அட்டைக்கும் இடையே இடம் உண்டாகிறது. அந்த இடத்தில் அட்டை தன் உயர்ந்த மீடிறனை விடாமற் பிடித்துக்கொள்கிறது. விசிறியின் இரைச்சலும் தணியும். பக்கத்திற் படித்துக்கொண்டிருக்கும் தம்பியும் நன்றி சொல்வான்.

மாதிரி வினா

வரைவியல் அட்டை ஒன்றின் சில்லு 1.00 வோல்ற்று, 1500 மெகாஹேர்ட்ஸில் 60 வாற்று இயக்க வலுவைப் பெறுகிறது. நினைவகமும் விசிறியும் சேர்ந்து மாறாது 12 வாற்றைப் பெறுகின்றன. அட்டையின் மொத்த எல்லை 75 வாற்று. மீடிறனை 1590 மெகாஹேர்ட்ஸாக உயர்த்த வேண்டும். கசிவு மின்னோட்டத்தைப் புறக்கணிக்க.

(அ) அழுத்தம் 1.00 வோல்ற்றாகவே இருப்பின் அட்டை அம்மீடிறனைத் தொடர்ந்து பேணுமா?
(ஆ) அழுத்தம் 1.10 வோல்ற்று எனின்?
(இ) அழுத்தம் 0.90 வோல்ற்றில் சில்லு பழுதின்றி இயங்குமெனின்?

விடை

(அ) 60 × 1590 ÷ 1500 = 63.6 வாற்று. மொத்தம் 75.6 வாற்று. எல்லையை 0.6 வாற்றால் மீறுவதால் பேணாது. சில்லுக்கு எஞ்சுவது 75 − 12 = 63 வாற்று. எனவே மீடிறன் 63 ÷ 60 × 1500 = 1575 மெகாஹேர்ட்ஸில் நிற்கும். (பலர் 12 வாற்றைக் கூட்ட மறந்து "பேணும்" என எழுதிப் புள்ளியை இழப்பர்.)

(ஆ) 60 × 1.21 × 1.06 = 77.0 வாற்று. சில்லு மட்டுமே எல்லையை மீறுகிறது. 63 வாற்றுக்குள் நிற்க வேண்டுமாயின் மீடிறன் 63 ÷ (60 × 1.21) × 1500 = 1302 மெகாஹேர்ட்ஸ். இது தொடங்கிய 1500 ஐ விடவும் குறைவு.

(இ) 60 × 0.81 × 1.06 = 51.5 வாற்று. மொத்தம் 63.5 வாற்று. 1590 மெகாஹேர்ட்ஸ் தொடர்ந்து பேணப்படும், மேலும் 11.5 வாற்று மீதமிருக்கும்.